துருவுக்கு மார்க் போடுகிறவள்

அநியாயம் நடந்தது உலகம்மைக்கு. செய்தவர் ஆராய்ச்சி வழிகாட்டி சௌரிராஜன் சார். அதன் பலனை அனுபவித்துக்கொண்டிருப்பவள் கோகிலவாணி. இதில் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றும் இல்லை. ஆராய்ச்சிப் படிப்புக்கு வந்து சேர்ந்த முதல் வருஷம், குன்னூர் மலைச்சரிவில் இருக்கிற இந்தக் கோதுமைப் பண்ணையின் கீழ்ப்பாத்தியில் ஈரத்தில் முழங்கால் ஊன்றி, இடுக்கியால் ஒவ்வொரு பூவாகத் திறந்து, உள்ளே இருக்கிற மகரந்தப் பைகளைச் சேதாரம் இல்லாமல் பிடுங்கிப் போட்டு, கதிருக்குக் காகித உறை மாட்டி, பூ பக்குவப்பட்டதும் இன்னொரு கதிரைக் கொண்டுவந்து அதன் தலையில் உதறி, ஒரு கலப்பு கட்டினாள் உலகம்மை. தாய், மகசூலைக் கொட்டுகிற, ஆனால் துரு நோய் பட்ட மாத்திரத்தில் சுருண்டுவிடுகிற சமவெளி ரகம். தகப்பன், துருவை அண்டவிடாத, ஆனால் பாதிக்குப் பாதி பதராய்க் காய்க்கிற ஏதோ ஒரு பழைய வித்து. இரண்டின் நல்லதும் ஒரே செடியில் சேராது, சேர்ந்தாலும் கெட்டதும் கூடவே ஒட்டிக்கொண்டு வரும் என்று எல்லாரும் சொன்னார்கள். சேர்ந்தது. சேர்ந்து, முளைத்து, இரண்டாம் தலைமுறை விதை கைக்கு வந்த சமயம் பார்த்து அவளுக்கு மஞ்சள் காமாலை வந்தது. தென்காசியில் அம்மா அரைத்துக் கொடுத்த கீழாநெல்லியை முகம் சுளித்துக் குடித்துக்கொண்டு, கண்ணும் நகமும் மஞ்சளாகி, ஒரு பருவம் முழுக்கப் படுத்துக் கிடந்துவிட்டு அவள் மறுபடி மலையேறி வந்தபோது, அந்தக் கலப்பின் பிள்ளைகள் மொத்தமும் கோகிலவாணியின் ஆய்வுக்குப் போயிருந்தன. "பருவம் யாருக்காகவும் நிக்காதும்மா. விதைக்காம விட முடியுமா? நீ துருவைப் பாத்துக்கோ. அவ கோதுமையைப் பாத்துக்கட்டும்," என்றார் சார், பந்தியில் ஒருத்திக்கு ரசமும் ஒருத்திக்கு மோரும் ஊற்றிவிட்டு நகர்கிற மாதிரி.

இப்போது அவள் துருவைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். தேயிலைப் பக்கம் இருந்து பனி முழுசாக விலகவில்லை, வெயில் வருவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறது, பாத்தி ஓரமாக அவள் முன்னால் நடக்கிறாள், அட்டையில் தாளைக் கவ்வவைத்துக்கொண்டு கோகிலவாணி பின்னால் வருகிறாள். ஒருத்தி பார்த்துச் சொல்ல வேண்டும், ஒருத்தி எழுத வேண்டும், துருவுக்கு மார்க் போடுகிற முறை அது. முதலில் எண், பிறகு எழுத்து. இலையில் எவ்வளவு பங்கைத் துரு தின்றிருக்கிறது என்பது எண். செடி தாக்குப்பிடித்ததா தோற்றதா என்பது எழுத்து. தாக்குப்பிடித்தால் ஆர், தோற்றால் எஸ். "அறுபது எஸ்." "அறுபது எஸ்ஸுங்க்கா." "பத்து ஆர்." "பத்து ஆருங்க்கா." இந்த 'ங்க்கா' இருக்கிறதே, இதை அவள் எங்கிருந்து கொண்டுவந்தாள், கோபிச்செட்டிபாளையத்தில் எல்லாரும் இப்படித்தான் பேசுவார்களாம், வீட்டு நாய்க்குட்டியைக்கூட வாங்க போங்க என்பார்களோ என்னவோ, மரியாதை மாதிரிதான் இருக்கிறது, ஆனால் ஒவ்வொரு தடவை அது காதில் விழும்போதும் யாரோ ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு, உட்காருங்கள் அக்கா, நீங்கள் பெரியவர்கள், ஓரமாக உட்காருங்கள் என்று சொல்கிற மாதிரி இருக்கிறது. ஒரு வயசுகூட வித்தியாசம் கிடையாது. ஒரு வருஷம் முன்னால் சேர்ந்த பாவத்துக்கு அக்கா. சண்டை போடுவதற்குக்கூட இடம் வைக்காத அக்கா. தென்காசியாக இருந்தால் இந்நேரம், ஏ பிள்ள, என் பொருளை எடுத்துக்கிட்டு என் முன்னாலயே பூச் சூடிக்கிட்டு நடக்கியா என்று கேட்டிருக்கலாம், அவளும் நாலு வார்த்தை திருப்பிச் சொல்லியிருப்பாள், சாயங்காலம் இரண்டு பேரும் ஒன்றாக டீ குடித்திருக்கலாம். "இருபது எஸ்." "இருபது எஸ்ஸுங்க்கா."

வடக்கே இருந்து கமிட்டி வருகிறது. ஜீப் கோயம்புத்தூரில் இருந்து கிளம்பிவிட்டது என்று காலையிலேயே சார் தகவல் சொன்னார். எந்த வரிசை நாடு முழுக்கப் பல ஊர்களில் விதைத்துப் பார்க்கப் போகும், எது இங்கேயே அறுபட்டு மாட்டுக்குப் போகும் என்று இன்றைய மார்க்கை வைத்துத்தான் அவர்கள் தீர்மானிப்பார்கள். இந்த வருஷம் போனால் அடுத்த வருஷம் என்று இழுக்கிற விஷயம் இல்லை. ஒரு எஸ் விழுந்தால் அந்த வரிசை செத்தது, அதன் பின்னால் இருக்கிற ஆய்வும் பாதி செத்தது. கோகிலவாணியின் வரிசை பாத்தியின் கடைசியில் இருக்கிறது. இங்கிருந்து பார்த்தாலே தெரிகிறது, மற்றதெல்லாம் செம்பட்டை பிடித்து வதங்கி நிற்க, அது மட்டும் இப்போதுதான் குளித்துவிட்டு வந்த மாதிரி. பார்க்காதே என்றால் கண் அங்கேதான் போகிறது. பண்ணையில் எல்லாரும் அதற்கு 'கோகி லைன்' என்று பேர் வைத்துவிட்டார்கள். தண்ணீர் பாய்ச்சுகிறவர்கள், டிராக்டர் ஓட்டுகிறவர், வாட்ச்மேன், மெஸ்ஸில் சப்பாத்தி போடுகிறவர்கூட, கோகி லைன் எப்படி இருக்கு, கோகி லைன்ல கதிர் வந்துடுச்சா. பேர் என்றால் என்ன லேசான சமாச்சாரமா? முதல் வாரமே உலகம்மை வகுப்பில் சண்டை போட்டாள், உலகமெல்லாம் இந்தச் சாதிக் கோதுமைக்கு வசந்தக் கோதுமை என்று பேர், நாம் அதை ஐப்பசி கார்த்திகையில் குளிரில் விதைக்கிறோம், அப்புறம் எதற்கு இந்தப் பேர் என்று. "பேர் வச்சவங்க ஊர்ல அது வசந்தம்மா," என்றார் சார், எல்லாரும் சிரித்தார்கள். அப்படியென்றால் பேர் வைக்கிறவன் ஊரில் எது காலமோ அதுதான் எல்லாருக்கும் காலமா, அது எப்படிச் சரியாகும் சார் என்று அவள் விடாமல் கேட்டாள். அன்றைக்கு அது கோதுமையைப் பற்றின கேள்வியாக இருந்தது. உலகு லைன் என்று ஒரு நாக்கு, ஒரு தடவை, வாய் தவறிக்கூடச் சொன்னதில்லை.

அவளை என்னவென்று சொல்கிறார்கள்? துரு மேடம். கண்ணாடி வீட்டுக்குள் இளம் நாற்றுகளின் மேல் துருவை வளர்த்து, அது காய்ந்து பொடியாகக் கொட்டும்போது சேகரித்து, எண்ணெயில் கலந்து, பனி இறங்குகிற சாயங்காலம் பார்த்து வயலில் அடிப்பவள். பயிருக்கு நோய் கொடுப்பவள். பாத்தியைச் சுற்றி, தொட்டால் நோய் வாங்குகிற ஒரு பழைய ரகத்தை வேலி மாதிரி விதைத்திருக்கிறார்கள், நோய் வரிசை என்று அதற்குப் பேர், அவள் முதலில் அதைச் சீக்காளி ஆக்குவாள், அது மற்ற எல்லாவற்றுக்கும் பரப்பும், எது தாங்குகிறது என்று அப்போதுதான் தெரியும். அதைக் கடந்து நடந்தால் ஆரஞ்சுப் பொடி உடம்பெல்லாம் அப்பிக்கொள்ளும். ஸ்வெட்டர் கையில், துப்பட்டா நுனியில், காதோரத்து முடியில். வெள்ளைத் துணி உடுத்தி எவ்வளவு காலமாயிற்று. கோகிலவாணி வெள்ளை உடுத்துகிறாள், கையில் மெல்லிய ரப்பர் உறை, நோய் வரிசைப் பக்கம் சேலைத் தலைப்பைச் சேர்த்துப் பிடித்துக்கொள்கிற மாதிரி உடம்பை ஒடுக்கிக்கொண்டு போகிறாள், ஒரு பொட்டுப் பொடி அவள்மேல் படுவதில்லை. இந்தத் துரு சமவெளியில் வெயில் காலத்தில் செத்துப்போகும், இந்த மலைக் குளிரில் மட்டும் வருஷம் முழுக்கச் சாகாமல் கிடந்து, காற்று வாக்கில் மறுபடி கீழே இறங்கும். பொறாமையும் இப்படித்தான் என்று உடனே மனசுக்குள் ஒரு வாக்கியம் வந்து நிற்கிறது. சீ, போ. உவமை சொல்லிக்கொண்டால் தப்பு அழகாகிவிடுமா? அவளுக்கு இருப்பது பொறாமையே இல்லை, முதலில் அதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். இல்லாதவள் இருப்பவளைப் பார்த்து வயிறு எரிந்தால் அது பொறாமை. தன்னுடையதை எடுத்தவளைப் பார்த்து எரிந்தால் அதற்குப் பேர் வேறு. என்ன பேர்? சட்டத்தில் பேர் இருக்கும். வயிற்றில் எரிவது என்னவோ இரண்டுக்கும் ஒரே இடத்தில்தான் எரிகிறது.

"நாப்பது எஸ்." "நாப்பது எஸ்ஸுங்க்கா." ஒன்பதாம் வகுப்பில் பேச்சுப் போட்டி வந்தது. எழுதியது முழுக்க உலகம்மை, ராத்திரி உட்கார்ந்து எழுதி, நீரின்றி என்று தொடங்கி, கேள்வி மேல் கேள்வியாக. டீச்சர் படித்துப் பார்த்துவிட்டு, "நல்லா எழுதிருக்க. ஆனா ஒன் தொண்டை தகரம் மாதிரில்லா இருக்கு, மரியபுஷ்பம் பேசட்டும்," என்று தாளை வாங்கி அந்தப் பெண் கையில் கொடுத்துவிட்டாள். மரியபுஷ்பத்துக்கு நல்ல குரல், நல்ல ரிப்பன். மேடையில் பாதிவரை நன்றாகப் போனவள் நடுவில் நின்றுவிட்டாள், வாய் திறந்தபடி திறந்திருக்கிறது, வார்த்தை வரவில்லை. விட்டிருக்கலாம். நாசமாய்ப் போகட்டும் என்று கைகட்டி உட்கார்ந்து பார்த்திருக்கலாம். என்ன நினைத்தாளோ, உட்கார்ந்த இடத்தில் இருந்தே அடுத்த வரியைக் கத்திச் சொல்லிவிட்டாள், அந்தத் தகரத் தொண்டையில். சபை மொத்தமும் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. மரியபுஷ்பம் பிடித்துக்கொண்டு பேசி முடித்து, முதல் பரிசாக ஒரு எவர்சில்வர் தூக்குச் சட்டி வாங்கிக்கொண்டு போனாள். அம்மா அதைக் கேட்டுவிட்டு, "ஒனக்கென்ன கிறுக்காட்டி, அவ முழிச்சா முழிச்சுட்டுப் போறா," என்றாள். எதற்குக் கத்தினாள் என்று இன்றுவரை அவளுக்கே பதில் தெரியாது. மரியபுஷ்பத்துக்காக இல்லை. அது மட்டும் நிச்சயம்.

ஆனால் மரியபுஷ்பம் ஒரு விஷயத்தில் உசத்தி, இதை நான்தான் எழுதினேன் என்றும் சொல்லவில்லை, இது தானாக எழுதப்பட்டது என்றும் சொல்லவில்லை. போன மாசம் கருத்தரங்கில் கோகிலவாணி சொன்னாளே, அது என்ன? முதலில் எல்லாரும் சிரித்தார்கள், ஏனென்றால் அவள் அழகான தமிழில் பேசுகிறேன் என்று, "இந்தக் கலப்பை நான் நாலு தலைமுறை முன்னெடுத்துச் சென்றேனுங்க," என்றாள், பின்வரிசையில் இருந்து ஒருத்தன், "ஏர் கலப்பையா மேடம், டிராக்டர் கிடைக்கலையா?" என்று கேட்டான். சார் உள்பட எல்லாரும் சிரித்தார்கள், கோகிலவாணி எல்லாரையும்விட நன்றாகச் சிரித்தாள், சிரித்தால் அவளுக்குக் கன்னத்தில் குழி விழும். உலகம்மைக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் அடுத்த வாக்கியத்தை அவள் மட்டும்தான் கேட்டாள். "பண்ணையில் ஏற்கெனவே இருந்த ஒரு கலப்பு இது." இருந்த. ஏற்கெனவே இருந்த. எப்படி இருந்தது? வரப்போரத்து அருகம்புல் மாதிரி முளைத்து இருந்ததா? காக்கை போட்ட எச்சத்தில் வந்ததா? முழங்காலில் புண் வந்து, இடுக்கி பிடித்துப் பிடித்துப் பெருவிரலில் தழும்பேறி, காகித உறை மழையில் நனைந்துவிடுமோ என்று விடியுமுன் ஓடி ஓடி வந்து பார்த்தது எல்லாம் அந்த 'இருந்த'வுக்குள் எங்கே போனது? பொய் சொன்னால்கூடச் சண்டை போடலாம். இது பொய் இல்லை. இலக்கணப்படி சரி. ஏற்கெனவே இருந்தது உண்மைதானே என்று கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்ல வேண்டும். எத்தனையோ வாக்குவாதத்தில் ஜெயித்தவள், கல்லூரியில் வாயாடி என்று பேர் எடுத்தவள், ஒரு பெயரெச்சத்தின் முன்னால் வாயடைத்துப்போய் உட்கார்ந்திருந்தாள். எழுந்து கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்? பொறாமை என்பார்கள். அவ்வளவுதான், அந்த ஒரு வார்த்தையைப் போட்டு மூடிவிடுவார்கள். அந்தரங்கமாக ஒருத்திக்கு எவ்வளவு நியாயம் இருந்தாலும் அந்த வார்த்தைக்குப் பிறகு அவள் சொல்வது எதுவும் நிற்காது. அதனால் அவள் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்காததுதான் இன்னும் தொண்டையில் நிற்கிறது, மீன் முள் மாதிரி, சோற்றை உருட்டி விழுங்கினாலும் போகாமல்.

"அக்கா, கடைசி வரிசைங்க்கா." வந்துவிட்டது. எப்போது வந்தோம்? நடுவில் இருந்த வரிசைகளுக்கெல்லாம் மார்க் சொன்னாளா? சொல்லியிருக்கிறாள், வாய் அதுபாட்டுக்குச் சொல்லியிருக்கிறது, கோகிலவாணி எழுதியிருக்கிறாள். இந்த ஒரு வரிசைக்காக நோய் வரிசையைச் சுற்றிக்கொண்டு வராமல் உலகம்மை குறுக்கே புகுந்து வந்தாள், கை முழங்கைவரை ஆரஞ்சு. குனிந்தாள். கதிர்கள் திமிராக நிற்கின்றன, ஒவ்வொன்றும் நிறைசூலி, கையில் பிடித்தால் கனம் தெரிகிறது, பதர் இல்லை, அந்தத் தகப்பனின் கெட்ட குணம் சுத்தமாக வடிந்துவிட்டது. கதிருக்குக் கீழே இருக்கிற கடைசி இலை, கண்ணாடி இலை, அதைத்தான் பார்க்க வேண்டும், மணி முற்றுவதற்குச் சாப்பாடு போடுவது அதுதான். முதல் செடியில் இலையை விரலுக்கு நடுவில் வைத்துத் திருப்பினாள். ஆரஞ்சு.

நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று எழுந்து நின்றது. சந்தோஷம். அதை வேறு எப்படியும் சொல்ல முடியாது, பரீட்சை முடிவைத் தாளில் தேடிப் பேரைப் பார்த்துவிட்ட சந்தோஷம். ஆரஞ்சு, அகலமாக, இலையின் நடு நரம்பை ஒட்டித் திட்டுத் திட்டாக. அவள் வளர்த்த துரு. அவள் ஊட்டி வளர்த்த துரு கடைசியில் அவளுக்காகப் பேசிவிட்டது. நாற்பது எஸ். நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது. இரண்டே வார்த்தை. கோகிலவாணி எழுதிவிடுவாள், எழுதத்தான் வேண்டும், சொல்கிறவள் கண்தான் முடிவு, எழுதுகிறவள் எதிர்த்துப் பேசக்கூடாது. கோகி லைன் மாட்டுக்குப் போகும். மாடு தின்னும். ஏற்கெனவே இருந்த ஒரு கலப்பு ஏற்கெனவே இல்லாமல் போய்விடும்.

"என்னங்க்கா போடட்டும்?"

இரு. துடைத்துப் பார்க்கவில்லை. துருவைப் பார்த்தால் பெருவிரலால் ஒரு தடவை துடைக்க வேண்டும், முதல் வருஷப் பையனுக்குக்கூடத் தெரிந்த பாடம் இது. உண்மையான துரு இலையின் தோலைக் கிழித்துக்கொண்டு வரும், துடைத்தால் பொடி போகும், கிழிசல் சொரசொரவென்று விரலில் தட்டும். காற்றில் வந்தோ கையில் இருந்தோ படிந்த பொடி என்றால் துடைத்ததும் இலை வழவழவென்று இருக்கும். துடைக்காமல் மார்க் சொல்வது மஞ்சளாக இருக்கிறவனையெல்லாம் காமாலைக்காரன் என்று சொல்வது மாதிரி. சரி, துடைக்கலாம். ஆனால் யார் துடைக்கச் சொன்னது? கண்ணில் பட்டதைச் சொல் என்றுதானே நிறுத்தியிருக்கிறார்கள். மற்ற வரிசைக்கெல்லாம் ஒவ்வொரு இலையாகவா துடைத்துக்கொண்டிருந்தாள்? துடைத்தாள். அறுபது எஸ் சொன்னபோது துடைத்தாள், பத்து ஆர் சொன்னபோதும் துடைத்தாள், விரல் அதுபாட்டுக்குத் துடைத்தது. இங்கே மட்டும் விரல் இலைக்கு மேலே நிற்கிறது. பயம். துடைத்து அது துருவாகவே இருந்துவிட்டால் என்ன செய்வாய்? எஸ் என்பாய், அது உண்மையாகவே இருக்கும், ஆனால் எல்லாரும் பொறாமையில் சொன்னாள் என்பார்கள், நீயும் ராத்திரி படுத்துக்கொண்டு, உண்மைக்காகச் சொன்னேனா எரிச்சலுக்காகச் சொன்னேனா என்று உன்னையே குடைந்துகொண்டிருப்பாய். துடைத்து அது வெறும் பொடியாக இருந்துவிட்டால்? அது உன் ஸ்வெட்டர் கையில் இருந்து விழுந்த பொடி, குறுக்கே புகுந்து வந்தாயே, யாரும் குறுக்கே வரச் சொல்லவில்லையே.

"ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்க மாட்டீங்களே அக்கா," என்றாள் கோகிலவாணி பின்னால் இருந்து. குரல் ஒரு மாதிரி இருந்தது. "இந்த வரிசைக்கு நீங்க மார்க் போடறீங்கன்னு சார் சொன்னதும் எனக்கு நேத்தெல்லாம் தூக்கமே இல்லீங்க. வேற ஆளைப் போடுங்கன்னு கேக்கலாம்னு பாத்தேனுங்."

"கேக்க வேண்டியதுதான?"

"கேட்டா என்ன சொல்லுவாருன்னு தெரியுமுங்களே. எதுக்கெடுத்தாலும் 'உலகுவா இருந்தா இதை இப்படிச் செஞ்சிருக்க மாட்டா'தானுங்க. ரெண்டு வருசமா இதையே கேட்டுக் கேட்டு, உங்க பேரைக் கேட்டாலே எனக்கு எரியுதுங்க்கா. மூஞ்சிக்கு நேரா சொல்றேன், தப்பா நெனச்சுக்காதீங்க."

"அப்ப கருத்தரங்குல ஏற்கெனவே இருந்ததுன்னு சொன்னியே, அது யாரு, ஒங்க சார் சொல்லிக் குடுத்ததா?"

"நானே எழுதினதுங்க்கா. உங்க பேரைப் போட்டுட்டா அப்புறம் எனக்குன்னு அதுல என்னங்க இருக்கு?"

இதை யார் எதிர்பார்த்தது? பொறாமைப்படுவதிலும் இவள் பங்குக்கு வருகிறாளே. உலகம்மைக்கு முதலில் வந்தது எரிச்சல், சொந்தமாக வைத்திருந்த ஒரே பொருளையும் ஒருத்தி வந்து, இது எனக்கும் உண்டு என்று கையை நீட்டுகிற எரிச்சல். அப்புறம் அந்த எரிச்சலுக்குள்ளேயே ஒரு சிரிப்பு முட்டியது, அதை வெளியே விடவில்லை. எனக்குன்னு அதுல என்ன இருக்கு. நல்ல கேள்வி. வருஷத்துக்கு இரண்டு போகமாக நாலு தலைமுறை விதைத்து, ஆயிரக்கணக்கான செடியில் நல்லதைப் பொறுக்கி எடுத்து, வெயிலில் நின்று கருத்தது இவள். அதை இல்லை என்று சொல்ல முடியாது. முடியும், சொல்ல விருப்பம் இல்லை, அதாவது சொல்ல ஆசைதான், ஆனால் இலை கையில் இருக்கிறது, பொய் சொன்னால் இலை சிரிக்கும். பெருவிரலை வைத்தாள். துடைத்தாள்.

பொடி வந்துவிட்டது. இலை வழவழவென்று இருந்தது. திரும்பவும் தடவினாள், நகத்தின் விளிம்பால், கிழிசல் எங்கேயாவது தட்டாதா என்று நப்பாசையோடு. தட்டவில்லை. வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தாள். பச்சைக்குள்ளே ஊசிமுனை அளவுக்கு வெளுத்த புள்ளிகள், அங்கங்கே, கண்ணைச் சுருக்கினால்தான் தெரிகிற மாதிரி. அது என்ன என்று அவளுக்குத் தெரியும். துரு வந்து உட்கார்ந்த இடத்தில் இலை தன் சதையைத் தானே சாகடித்துக்கொண்டிருக்கிறது. துருவுக்கு உயிருள்ள சதைதான் சாப்பாடு, செத்த இடத்தில் அதற்கு ஒன்றும் கிடைக்காது, பட்டினி கிடந்து அங்கேயே முடிந்துபோகும். ஒவ்வொரு புள்ளியும் அவளுடைய துரு தோற்ற இடம். அடுத்த செடி. அதற்கடுத்தது. வரிசையின் கடைசிவரை மண்டி போட்டபடியே போனாள், சுடிதார் முட்டியில் சேறு அப்பியது. எங்கும் அதே வெளுத்த புள்ளி, அதே வழவழப்பு. அவள் கொண்டுவந்து சேர்த்த தகப்பனின் குணம், அச்சுப் பிசகாமல். கண்ணில் தண்ணீர் வந்தது, குளிர் காற்றாக இருக்கும். நான் கட்டினது. அடி பாவி, நான் கட்டினது இது, இவ்வளவு அழகாக நிற்கிறதே, எவள் பேரில் நின்றால்தான் என்ன. இல்லை, இல்லை, அப்படி எல்லாம் பெருந்தன்மையாக நினைத்துவிட முடியாது, எவள் பேரில் நிற்கிறது என்பது முக்கியம், ரொம்ப முக்கியம், அதற்காகத்தான் இந்த வயிறு இவ்வளவு காலம் எரிந்தது, அது ஒன்றும் வெட்டியாக எரியவில்லை.

"அக்கா, என்னங்க போடட்டும்? ஜீப் வந்துடுச்சுங்க."

மேலே ரோட்டில் கதவு சாத்துகிற சத்தம். வாய் திறந்து ஜீரோ என்று சொல்லப்போனவள் நிறுத்தினாள். இங்கேதான் வேறு ஒரு முள் மாட்டியது. தான் ஏன் இந்த வரிசைக்கு மார்க் போடுகிறாள்? கோகிலவாணி ஏன் போடவில்லை? சாருக்கு ஒரு சட்டம் உண்டு, பண்ணையில் அதை மீறி எதுவும் நடக்காது. "பெத்தவ தன் பிள்ளைக்கு மார்க் போடக்கூடாது. கண்ணு அறியாமலே துருவை நாலு குறைச்சுப் பாக்கும்." அதனால்தான் ஒவ்வொரு வரிசைக்கும் வேறு கண். அதனால்தான் கோகிலவாணியின் கையில் எழுதுகிற அட்டை, உலகம்மையின் கையில் இலை. அப்படியென்றால் இந்தக் காலையில், யாரும் வாய் திறந்து சொல்லாமலே, நீ இதைப் பெற்றவள் இல்லை என்று எழுதிக் கையெழுத்து வாங்குகிற மாதிரி அவளை இங்கே நிறுத்தியிருக்கிறார்கள். எண்ணைச் சொன்னால் ஒப்புக்கொண்டதாக ஆகும். சொல்லாவிட்டால் கோகிலவாணி மேல் இருக்கிற காந்தலில் வாயை மூடிக்கொண்டாள் என்று ஆகும், கமிட்டி வெறும் கட்டத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும், இந்த அழகான வரிசை மாட்டுக்குப் போகும். எஸ் சொன்னால் பிள்ளையைக் கொன்றவள். ஜீரோ சொன்னால் பிள்ளையைக் கைகழுவியவள். என்ன மாதிரிச் சட்டம் இது, எந்தப் பக்கம் திரும்பினாலும் கதவு சாத்திக் கிடக்கிறது. ஆனால் சட்டம் என்று ஒன்று இருந்தால் அதற்குள்ளேயே ஒரு இடுக்கும் இருக்கும், வாதம் செய்யத் தெரிந்தவளுக்கு அது போதும். அவள் எழுந்து நின்றாள். முட்டியில் சேறு, கை முழுக்க ஆரஞ்சு, மூக்கைத் துடைத்ததில் முகத்திலும் கொஞ்சம் ஆரஞ்சு.

சரிவில் சார் முன்னால் இறங்கி வந்தார், மப்ளர் காற்றில் பறக்க. அவருக்குப் பின்னால் கோட் போட்ட இரண்டு பெரியவர்களும் ஒரு கண்ணாடி போட்ட அம்மாவும், வழுக்குகிற மண்ணைப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்தபடி. சார் தூரத்தில் இருந்தே சிரித்துக்கொண்டு வந்தார், வந்தவர்களுக்குத் தன் பண்ணையைக் காட்டுகிற சிரிப்பு. கோகிலவாணி அட்டையை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள், அந்த ஒரு கட்டம் மட்டும் வெறுமையாக இருந்தது, பேனா மூடியைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள். கன்னத்துக் குழியைக் காணவில்லை.

"என்னம்மா உலகு," என்றார் சார், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "நம்ம கோகி லைன் எவ்வளவு?"

"ஜீரோ சார். ஒரு பொட்டுத் துரு இல்ல, கடைசிச் செடிவரைக்கும் துடைச்சே பாத்தாச்சு. ஆனா நான் போட்ட மார்க் செல்லாது. பெத்தவ போடக்கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க? வேற கண்ணு யாரையாவது கூப்பிடுங்க."